மேட்டு லயத்தில் நிறுத்திய கார்

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது வேலைக்காகத்தான். எழுபதுகளின் நடுவில் என்னை ஈப்போவுக்குப் பக்கத்துக் கோப்பெங் வட்டாரத்துக்கு அரசாங்க மருத்துவச்சியாக அனுப்பினார்கள். அதற்குள் அங்கிருந்த ரப்பர் தோட்டங்கள் பலவும் துண்டு துண்டாக விற்கப்பட்டிருந்தன. தோட்டம் ஒரே கம்பெனியின் கையில் இருந்த காலத்தில் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி இருக்கும். காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து கொடுக்க ஒரு டிரெஸர் இருப்பார். துண்டு போட்டு விற்றதும் முதலில் பூட்டப்பட்டது அந்த ஆஸ்பத்திரிதான். ஜனங்கள் மட்டும் லயம் என்கிற பழைய வரிசை வீடுகளிலேயே இருந்தார்கள். புது முதலாளிகளுக்குப் பால்மரம் சீவினார்கள். பிள்ளை பெற்றார்கள். பிள்ளை பெறுவதற்கு நான் போக வேண்டியிருந்தது.

முதல் வருஷம் சைக்கிளில் போனேன். மலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏற முடியும். ஒரு தடவை நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தாய்க்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவள் பிழைத்துக்கொண்டாள். அடுத்த மாதமே நான் ஈப்போவில் ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினேன். பச்சை நிறம், நாலு கதவு, பின்சீட்டில் ஒரு கிழிசல். தோட்டத்தில் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். கார் வந்த பிறகு அது மிஸி காடி ஆயிற்று. தூரத்தில் சத்தம் கேட்டதுமே யாராவது வாசலுக்கு வந்து நிற்பார்கள்.

அந்தக் காரை நான் நன்றாகப் பார்த்துக்கொள்ளவில்லை. செம்மண் பாதையில், மழையில், சேற்றில் தினமும் ஓட்டினேன். மூன்றாவது வருஷம் ஹேண்ட் பிரேக் தகராறு செய்ய ஆரம்பித்தது. பிடியை மேலே எவ்வளவு இழுத்தாலும் கார் மெல்ல நகரும்.

கோப்பெங்கில் ஒரு சீனர் கார் பட்டறை வைத்திருந்தார்; முதலாளியைக் கூப்பிடுகிற மாதிரி அவரைத் தவுக்கே என்பார்கள். நாற்பது வயதிருக்கும். அவருடைய அப்பா ஒரு தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் இவர் பேசும் தமிழ் லயத்துத் தமிழ். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரும் சீனர் என்று சொல்ல மாட்டார்கள். காரைத் தூக்கி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"கேபிளு துருப்புடிச்சுப் போச்சு மிஸி. மாத்தணும். புதுசு ஈப்போலேருந்து வரணும். ரெண்டு நாளு காடிய விட்டுட்டுப் போங்க."

"ரெண்டு நாள் முடியாது தவுக்கே. இந்த மாசம் மூணு பேருக்கு நாள் நெருங்கிருச்சு. இப்போதைக்கு இறுக்கிக் குடுங்க."

"இறுக்கலாம். ஆனா ரொம்ப நாள் தாங்காது லா."

"அடுத்த மாசம் கண்டிப்பா விடுறேன்."

அவர் இறுக்கிக் கொடுத்தார். கிளம்பும்போது பலகைத் துண்டு ஒன்றைச் சாய்வாக அறுத்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் இதைப் போடச் சொன்னார். போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த மாதம் வந்தது. அப்போது வேறு இரண்டு பேருக்கு நாள் நெருங்கியிருந்தது. காரை விடவில்லை.

அது நடந்தது ஒரு மத்தியானம், மூன்று மணி சுமாருக்கு. உச்சிப்பொழுதிலிருந்து பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. மலையடிவாரத்துத் தோட்டம் ஒன்றில் முதல் பிரசவம். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது. அவர்கள் இருந்தது மேட்டு லயம். வாசலிலிருந்து பாதை நேராகக் கீழே இறங்கும். இறங்கிய இடத்தில் பொதுக் குழாய். மரம் சீவிவிட்டு வந்த பெண்கள் அந்த நேரத்தில்தான் அங்கே துணி துவைப்பார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவார்கள்.

நான் காரை நிறுத்தும்போதே அவளுடைய அக்கா ஓடிவந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"மிஸி, சீக்கிரம் வாங்க. தலை தெரியுது, தலை தெரியுது."

பையை எடுத்துக்கொண்டேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கதவைப் பூட்டினேன். உள்ளே மருந்துப் பெட்டி இருக்கும் என்பதால் பூட்டுவது எனக்குப் பழக்கம். வாசலில் அந்தப் பெண்ணின் புருஷன் நின்றிருந்தான். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது. மரம் சீவுகிறவன். சட்டையெல்லாம் பால் கறை. என்னைப் பார்த்ததும் நகர்ந்து வழி விட்டான். அவனிடம் நான் சொன்னது சுடுதண்ணீர் என்ற ஒரு வார்த்தை மட்டும்தான்.

உள்ளே நிலைமை நல்லதாக இல்லை. தலை வந்துவிட்டது, கொடி கழுத்தில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது. நான் அதை விரலால் தளர்த்திக்கொண்டிருந்தபோது வெளியே ஏதோ இரும்பு அறுபடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. அதற்குப் பிறகு ஓட்டம். "காடி! காடி!" என்று யாரோ கத்தினார்கள். கீழே குழாயடியிலிருந்து பெண்கள் அலறினார்கள். பிறகு ஓர் ஆணின் குரல். அது வார்த்தையாக இல்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன நடந்தது என்று முழுவதும் தெரியாவிட்டாலும், எதனால் நடந்தது என்று தெரிந்துவிட்டது. என் விரல் கொடிக்கும் அந்தச் சின்னக் கழுத்துக்கும் நடுவில் இருந்தது. எடுக்க முடியாது. படுத்திருந்தவளும் அந்தக் குரலைக் கேட்டுவிட்டாள்.

"அது யாரு மிஸி? அது அவரு குரலுதானே?"

"நீ இங்க பாரு. என்னப் பாரு. இப்ப ஒரு தடவ முக்கு."

அவள் முக்கினாள். பெண் குழந்தை. நீலம் பாரித்திருந்தது. வாயைத் துடைத்து, காலைத் தட்டி, முதுகைத் தேய்த்து அது அழும்வரைக்கும் நான் வெளியே போகவில்லை. கொடியைக் கட்டி அறுத்தேன். நஞ்சுக்கொடி விழக் காத்திருந்தேன். அதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று பிற்பாடு பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். இருபது நிமிடத்துக்குக் குறையாது. அந்த இருபது நிமிடமும் வெளியே அவன் முனகுவது கேட்டது.

வெளியே வந்து பார்த்தபோது கார் பாதி மேட்டில் குறுக்காக நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நடந்ததைச் சொன்னார். கார் தானாகப் பின்னால் நகர ஆரம்பித்ததும் முதலில் பார்த்தவன் அந்தப் பெண்ணின் புருஷன்தான். ஓடிப்போய்க் கதவைத் திறக்கப் பார்த்திருக்கிறான். பூட்டியிருந்தது. கண்ணாடியும் ஏற்றியிருந்தது. கீழே குழாயடியில் ஏழெட்டுப் பேர். பிள்ளைகளும் இருந்தார்கள். சுவரோரம் அடுக்கியிருந்த ரப்பர் விறகில் ஒரு கட்டையை இழுத்துப் பின் சக்கரத்துக்கு அடியில் கொடுத்திருக்கிறான். ஈர மண்ணில் கட்டை வழுக்கியிருக்கிறது. காலால் முட்டுக் கொடுத்திருக்கிறான். சக்கரம் கட்டையோடு சேர்த்து அவன் வலது பாதத்தின் மேல் ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. நாலு பேர் சேர்ந்து காரைத் தூக்கி அவனை வெளியே எடுத்திருக்கிறார்கள்.

கோணிச் சாக்கின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். பாதத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். கட்டுப் போட்டேன். அவனை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அங்கே என் காரைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கதவைத் திறந்தபோது இரண்டு விஷயங்களைப் பார்த்தேன். கியர் போடாமலே நிறுத்தியிருந்தேன். பலகைத் துண்டு, பக்கத்துச் சீட்டுக்குக் கீழே, நான் காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது.

அவனைப் பின்சீட்டில் கிடத்தினோம். பக்கத்து வீட்டுக்காரர் அவன் காலை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஓட்டினேன். ஹேண்ட் பிரேக் பிடி கையோடு மேலும் கீழும் லொடலொடவென்று ஆடியது. கோப்பெங் தாண்டிய பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

"என்ன புள்ள மிஸி?"

"பொண்ணு."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு. அவளும் நல்லா இருக்கா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தது. மூன்றாம் நாள் நான் அவனைப் பார்க்கப் போனேன். போகிற வழியில் ஈப்போவில் கார் சாமான் விற்கும் கடைக்குப் போய்ப் புது கேபிள் வாங்கினேன். பட்டறைக்காரரிடம் முதல் நாள் எழுதி வாங்கியிருந்த சீட்டைக் காட்டியதும் எடுத்துக் கொடுத்தார்கள். இவ்வளவு நாளும் அது அங்கே ஓர் அலமாரியில்தான் இருந்திருக்கிறது. பஸ்ஸில் போயிருந்ததால் அதை எங்கும் வைக்க முடியாமல், பழைய சீனப் பத்திரிகையில் சுற்றி, கையில் பிடித்துக்கொண்டே வார்டுக்குள் போனேன்.

அவன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் சிறுத்திருந்தது. அவன்தான் முதலில் பேசினான்.

"கையில என்ன மிஸி, பாம்பு மாரி சுருட்டி வச்சிருக்கீங்க?"

"கேபிள். ஹேண்ட் பிரேக்குக்கு."

"குடுங்க, பாப்போம்."

வாங்கி, தாளைப் பிரித்து, கறுப்பு உறைக்குள்ளிருந்து வெளியே வந்த கம்பியை விரலால் நெருடிப் பார்த்தான். நுனியில் இருந்த ஈயக் குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுதானா அவ்வளவு பெரிய காடியப் புடிச்சு நிறுத்துது?"

"நான் போன மாசமே மாத்தியிருக்கணும். கட்டையும் போட மறந்துட்டேன். கியரும் போடல. எல்லாம் என் தப்பு."

அவன் வார்டைச் சுற்றிப் பார்த்தான். பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இங்க காடி கீடின்னு பேசாதீங்க மிஸி. விறகு அடுக்குனது சரிஞ்சு கால்ல விழுந்துருச்சுன்னு சொல்லியிருக்கேன். காடின்னா போலீஸ்காரன் வருவான். உங்கள ஆபிஸ்ல கேப்பாங்க. பக்கத்து வீட்டு அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். லயத்துல யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

"ஏன் அப்பிடிச் சொன்ன?"

"வேற எந்த மிஸி எங்க ரோட்டுக்கு வருவாங்க? உங்கள மாத்திட்டா அங்க யாரு இருக்கா?"

நான் தலையாட்டினேன். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காரைப் பட்டறையில் விட்டேன். விட்டுவிட்டுப் போகச் சொன்னார். நான் போகவில்லை. ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அவர் முன்சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் செங்கல் வைத்தார். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரும்புத் தாங்கிகளில் இறக்கினார். சக்கரங்களைக் கழற்றினார். உள்ளே இருந்த பிரேக் டிரம்மைச் சுற்றிச் சுற்றி மரச் சுத்தியலால் தட்டினார். அது வழிக்கு வரவே கால் மணி நேரம் ஆயிற்று. வந்தபோது செம்மண் பொடி கொட்டியது. அது நான் ஓட்டிய பாதைகளின் மண். உள்ளே பிறைபோல இரண்டு பிரேக் கட்டைகள். அவற்றை விரிக்க ஒரு சின்ன நெம்புகோல். கேபிளின் நுனி அதில்தான் மாட்டியிருந்தது. குறட்டால் ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்து நுனியைக் கழற்றினார். பிறகு காருக்குள் பிடியின் அடியில் இருந்த நட்டைத் திருகப் பார்த்தார். துரு அதைத் திருக விடவில்லை. எண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம்.

காத்திருந்த நேரத்தில் பழைய கேபிளை என்னிடம் கொடுத்தார். உறை ஓரிடத்தில் வெடித்திருந்தது. அந்த இடத்தில்தான் தண்ணீர் உள்ளே போயிருக்க வேண்டும். கம்பி அங்கேயே அறுந்திருந்தது. பல இழைகளின் முனை கறுத்து மழுங்கியிருந்தது. அவை முன்பே அறுந்தவை. ஐந்தாறு இழைகள் மட்டும் பளபளவென்று புதிதாக அறுந்திருந்தன. அந்த ஐந்தாறு இழைகள்தான் அன்று நான் உள்ளே இருந்த முதல் சில நிமிடங்கள் காரைப் பிடித்து வைத்திருந்தன.

"நான் இறுக்கியிருக்கக் கூடாது மிஸி," என்றார். ஒரு துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அழுகுன கேபிள இறுக்குனா இன்னும் சீக்கிரம் அறுந்துடும். எனக்குத் தெரியும். நீங்க அவசரமுன்னு சொன்னீங்க, இறுக்கிட்டேன். யாராச்சும் வந்து கேட்டா நா சொல்லிடுறேன், ரிப்பேரு பாத்து ஒக்கிட்டது நான்தான், என் தப்புன்னு."

"நீங்க மாத்தச் சொன்னீங்க. நான்தான் கேக்கல."

"சாவியக் குடுக்காம இருந்திருக்கணும் லா."

நட்டு வந்தது. புது கேபிளை வளைத்து, புகைக் குழாயில் படாமல் மேலே ஏற்றி, கொக்கிகளில் மாட்டினார். நுனிகளில் கிரீஸ் தடவினார். என்னைக் காருக்குள் உட்காரச் சொன்னார். அவர் அடியில் படுத்துக்கொண்டு "தூக்குங்க" என்றால் பிடியைத் தூக்க வேண்டும், "விடுங்க" என்றால் விட வேண்டும். தூக்கினேன், விட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் நட்டைக் கொஞ்சம் திருகினார். கடைசியில் ஐந்தாவது கிளிக் சத்தத்தில் பிடி நின்றது. சக்கரத்தைக் கையால் சுழற்றப் பார்த்தார். அசையவில்லை.

பிறகு காரை ஊருக்கு வெளியே தண்ணீர் தேங்கிய பழைய ஈயச் சுரங்கமான லம்பத்துப் பக்கத்து மேட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அவரும் கூட வந்தார். பாதி மேட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். கால் பிரேக்கை விடச் சொன்னார்.

என்னால் காலை எடுக்க முடியவில்லை. எடுக்க வேண்டும் என்று தெரிகிறது. கால் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னல் வழியாக லம்பத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவே இல்லை. எவ்வளவு நேரம் கழித்து எடுத்தேனோ, எடுத்தேன். கார் நின்றது. அங்குலம் நகரவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் எனக்கு நிம்மதி போய்விட்டது. ஒருவன் காலைக் கொடுத்துவிட்டு எனக்காகப் பொய் சொல்கிறான். இன்னொருவர் தான் செய்யாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறார். நான் மட்டும் மறுநாள் வெள்ளைச் சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு எப்போதும்போல வேலைக்குப் போகப் போகிறேன். இரண்டு வாரம் அப்படித்தான் போனேன். பிறகு ஒரு தாளை எடுத்து நடந்ததை எழுதினேன். கேபிள் பழுது என்று தெரிந்தும் ஓட்டியது, கட்டை போட மறந்தது, கியர் போடாதது, எல்லாவற்றையும் எழுதினேன். ஆஸ்பத்திரியில் அவன் வேறு மாதிரி சொன்னது என்னைக் காப்பாற்றத்தான் என்றும் எழுதினேன்.

ஈப்போவில் எங்களுக்கு மேலதிகாரியாக இருந்த சிஸ்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஐம்பது வயது, கண்டிப்பானவர். தாளை இரண்டு தடவை படித்தார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பிள்ளை, இதை நான் கையில வாங்கினால் மேலே அனுப்பத்தான் வேணும். வாங்கேல்லை எண்டு வைச்சுக்கொள்ளும். திரும்ப எடுத்துக்கொண்டு போம்."

"இல்ல சிஸ்டர்."

"அந்தப் பெடியன் ஒண்டும் கேக்கேல்லையே. ஆருக்கு நன்மை இதாலை? யோசிச்சுப் பாரும்."

"எனக்கு ராத்திரி தூக்கம் வரல சிஸ்டர்."

அவர் தாளை மேசையின் இழுப்பறைக்குள் வைத்தார். "சரி, போய் வாரும்," என்றார். அதில் கோபம் இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விசாரணை என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. கூடவே மாற்றல். ஹுத்தான் மெலிந்தாங். கடலோர ஊர். தென்னையும் மீன் வாடையுமான இடம். அங்கே மேடு என்று ஒன்று கிடையாது. எங்கே நிறுத்தினாலும் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். கோப்பெங்கில் என் இடத்துக்கு உடனே யாரையும் அனுப்பவில்லை.

ஏழு மாதம் கழித்து, லீவு எடுத்துக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். காரை மேட்டில் நிறுத்தி, கியர் போட்டு, கட்டையும் போட்டுவிட்டு இறங்கினேன். யாரும் வாசலுக்கு வரவில்லை. குழாயடியில் இருந்த பெண்கள் ஒரு தடவை பார்த்துவிட்டுத் துணியைத் துவைத்தார்கள்.

அவன் வீட்டில் இருந்தான். ஒரு கம்பை ஊன்றி எழுந்து நின்றான். மலை மரம் சீவ முடியாது என்பதால் கொட்டகையில் பால் கொட்டும் இடத்தைக் கழுவும் வேலை கொடுத்திருந்தார்கள். அவன் மனைவி குழந்தையை என் மடியில் வைத்தாள். குண்டாக, நல்ல நிறமாக இருந்தது. என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அவள் தேத்தண்ணி போட உள்ளே போனதும் அவன் கேட்டான்.

"ஏன் மிஸி எழுதிக் குடுத்தீங்க?"

"உண்மையத்தானே எழுதினேன்."

"உங்களுக்கு உண்மை. சரி. நா ஆஸ்பத்திரியில சொன்னது பொய்யுதான். எதுக்குச் சொன்னேன்? உங்க மேல ஆசையிலயா? எங்க பொம்பளைங்களுக்காகச் சொன்னேன். ஒரு காலு போனது போனதுதான், மிஸியாச்சும் இருக்கட்டும்னு நெனச்சேன். நீங்க அதையும் கெடுத்துட்டுப் போயிட்டீங்க."

அவன் கம்பால் கீழ்ப் பக்கம் காட்டினான்.

"கீழ் லயத்துல மூணாவது வீட்டுப் புள்ள தெரியுமில்ல? அன்னைக்குக் குழாயடியில நின்னுச்சே, மாசமா. அதுக்கு நோவு வந்தப்ப மிஸி இல்ல. ஒட்டுப்பால் ஏத்துற லோரியில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனாங்க. பாதி வழியிலயே பொறந்துருச்சு. கொடி சுத்திக்கிட்டு. எடுத்துவிட ஆளு இல்ல."

குழந்தை என் மடியில் இருந்தது. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டான்.

"உங்களத் திட்டணும்னு இல்ல மிஸி. கேக்க வேற ஆளு இல்ல. அதான்."

கீழ் லயத்துக்கு இறங்கிப் போனேன். அந்தப் பெண் கதவைத் திறந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொன்னாள். நான் எதுவும் சொல்வதற்கு முன்னால், "நீங்க இருந்திருந்தா பொழச்சிருக்குமா மிஸி?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தெரியாது என்று சொல்லலாம் என்று நினைத்தேன். அது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கும்தான். "சில சமயம் எடுத்துடலாம்மா" என்றேன். அவள் தலையாட்டினாள். நான் இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

என்னைக் கோப்பெங்குக்கே திரும்ப அனுப்பும்படி அந்த வாரமே எழுதிப் போட்டேன். மறுத்தார்கள். மறுபடி எழுதினேன். சிஸ்டர் தனக்குத் தெரிந்தவர்களிடம் சொன்னதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். என்னிடம் அவர் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. எண்பதுகள் பிறந்த பிறகுதான் மாற்றல் கிடைத்தது. அதற்குள் அந்தத் தோட்டத்தை மறுபடி விற்று, மரங்களைச் சாய்க்க ஆரம்பித்திருந்தார்கள். மேட்டு லயத்தில் நாலே நாலு வீட்டில்தான் ஆள் இருந்தது. கீழ் லயத்தை இடித்துத் தட்டிவிட்டார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை. கீழ் லயத்துப் பெண் எங்கே போனாள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கமுந்திங் பக்கம் பேக்டரி வேலைக்கு என்று ஒருவர் சொன்னார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் விசாரித்தேன். கிடைக்கவில்லை.

மீதி இருந்த தோட்டங்களில் வேலை பார்த்தேன். எத்தனையோ பிள்ளைகள் என் கையில் பிறந்தன. அதையெல்லாம் எதற்கும் ஈடாக நான் வைத்துப் பார்த்ததில்லை.

அவனுடைய குடும்பம் ஈப்போவுக்கு வந்துவிட்டிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் காவல்காரர் வேலை. மனைவி துணி தைக்கும் பேக்டரிக்குப் போனாள். வாடகைக்குப் பலகை வீடு. இரண்டாவது பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்தது, சிக்கல் இல்லாமல். நான் வருஷத்தில் இரண்டு மூன்று தடவை போவேன். தீபாவளிக்குக் கட்டாயம். அவன் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் போனால் எழுந்து நாற்காலி போடுவான். அந்தக் காலோடு எழுந்திருப்பது அவனுக்குச் சுலபமில்லை. வேண்டாம் என்றால் கேட்க மாட்டான்.

பெண்ணுக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அவள் முன்னறைத் தரையில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவனும் நானும் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தோம். இத்தனை வருஷமாகக் கேட்காததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"நான் அத எழுதிக் குடுக்காம இருந்திருக்கணுமா?"

அவன் வலது செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தூக்கி மற்ற முட்டியின் மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான். மழைக்காலத்தில் அது வலிக்கும்.

"தெரியல மிஸி," என்றான். "நானும் ரொம்ப நாளு யோசிச்சுப் பாத்துட்டேன். எழுதாம இருந்திருந்தா அந்தப் புள்ள பொழச்சிருக்கலாம். அதே சமயம், நீங்க எழுதாம இருந்திருந்தா, இங்க வந்து என் மூஞ்சியப் பாத்து உக்காந்திருப்பீங்களான்னும் தெரியல."

உள்ளேயிருந்து அவன் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் கம்பைத் தேடினான். சுவரில் சாய்த்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தோம். பெண் நோட்டை மூடிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீன் குழம்பு. முள் எடுத்துக் கொடுக்கச் சொல்லி அவள் தன் தட்டை என் பக்கம் தள்ளினாள்.